ஊராட்சித் தலைவர் பதவியில் இருந்துகொண்டே இராதாபுரத்தில் சட்டமன்றத்துக்கு நிற்கலாமா?

கேள்வி: தேரிக்காட்டான்

எங்கள் ஊர் திசையன்விளைக்குப் பக்கத்தில், பனையும் முருங்கையும் தாராளமாக வளர்ந்து, நெல் என்பது லாரியில் மட்டுமே வந்து சேரும் செம்மண் காட்டில் இருக்கிற ஒரு சிறிய ஊராட்சி. 2021 அக்டோபரில் நாங்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றத் தலைவர், வருகிற 2026 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியில் போட்டியிட முடிவு செய்திருக்கிறார். தமது கட்சியில் இடம் கேட்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் சுயேச்சையாக நிற்பேன் என்றும் ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அவர் செய்த வேலைகளை ஊரில் யாரும் மறுப்பதில்லை. பழுதாகிக் கிடந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைச் சரிசெய்து, எப்போது வரும் என்று தெரியாமல் இருந்த கூட்டுக் குடிநீருக்கு ஒரு முறை வைத்தார். விளக்கு எரியாத தெரு இல்லை என்ற நிலையைக் கொண்டுவந்தார். கிராம சபையில் வரவுசெலவைத் தாமே வாசிப்பார், எதிர்த்துக் கேட்பவரை உட்காரச் சொல்ல மாட்டார். இருந்தும் ஊர் இப்போது இரண்டு பட்டு நிற்கிறது. ஊரைப் பார்த்துக்கொண்டவர் தொகுதியையும் பார்த்துக்கொள்வார் என்று ஒரு தரப்பு சொல்கிறது. இருக்கிற நல்ல பிரசிடெண்டையும் இழந்து, வெல்லாத எம்.எல்.ஏ. வேட்பாளர் ஒருவரைப் பெறப் போகிறோம் என்று மறுதரப்பு சொல்கிறது.

போட்டியிடுவதற்கு அவர் தலைவர் பதவியை விட்டு விலக வேண்டுமா, தோற்றால் பதவி நிலைக்குமா, அவர் தொகுதி முழுவதும் அலையும் மாதங்களில் ஊராட்சியின் குடிநீரும் விளக்கும் யார் பொறுப்பு என்பவை எனக்குத் தெளிவாக வேண்டும். துணைத் தலைவருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை என்பதால் கடைசிக் கேள்வி எங்களுக்கு வெறும் ஐயமன்று. இவற்றுக்கு மேலே, ஒரு நல்ல ஊராட்சித் தலைவர் நல்ல சட்டமன்ற உறுப்பினராவார் என்று எதை வைத்து முடிவு செய்வது என்பதையும் விவரமறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். எந்தக் கட்சி என்று நான் குறிப்பிடவில்லை. யாரும் கேட்கவும் வேண்டாம்.

பதில்: பாளையங்கோட்டை வழக்கறிஞர்

அன்புள்ள தேரிக்காட்டான் அவர்களுக்கு, சட்டம் சார்ந்த பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

போட்டியிடுவதற்காக அவர் விலக வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 173ஆம் உறுப்பும் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் கேட்பவை மிகக் குறைவு: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது நிறைந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். எதிர்வேட்பாளர்கள் வழக்கமாகக் கிளப்பும் ஆட்சேபம் 191ஆம் உறுப்பைச் சார்ந்தது. மாநில அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்று அது சொல்கிறது. ஊராட்சித் தலைவர் மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் பெறுகிறாரே, அது ஆதாயப் பதவி ஆகாதா என்று வேட்புமனுப் பரிசீலனையின்போது யாராவது எழுந்து கேட்பார்கள். ஆகாது. அவரை அந்தப் பதவியில் அமர்த்தியவர்கள் வாக்காளர்கள்; அரசு நியமித்த ஆள் அல்லர் அவர். பஞ்சாபில் பஞ்சாயத்து சமிதித் தலைவராக இருந்த ஒருவரைப் பற்றி இதே கேள்வி எழுந்த உம்ராவ் சிங் – தர்பாரா சிங் வழக்கில், கைச்செலவை ஈடுகட்டக் கொடுக்கும் படித்தொகை ஆதாயமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. ஊராட்சிச் செயலரோ அரசுப் பள்ளி ஆசிரியரோ நிற்க விரும்பினால் நிலைமை வேறு; அவர்கள் வேலையை விட்டுவிட்டுத்தான் மனுத் தாக்கல் செய்ய முடியும்.

நான் அஞ்சுவது வேறொரு இடத்தில். நம் பக்கத்தில் உள்ளாட்சிப் பதவியில் இருப்பவர்களில் கணிசமானோர் தாமோ குடும்பத்தாரோ ஒப்பந்தக்காரர்களாகவும் இருக்கிறார்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையிடமோ நீர்வளத் துறையிடமோ உங்கள் தலைவர் தம் பெயரில் எடுத்த வேலை முடியாமல் நடப்பில் இருந்தால், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஏ பிரிவு அவரைத் தகுதியிழக்கச் செய்யும். வேலையை முழுமையாக முடித்துவிட்டு, பில் பணம் மட்டும் வராமல் இருந்தால் பாதகமில்லை. அரசு தன் பங்கை நிறைவேற்றவில்லை என்பதற்காக ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கொள்ளக் கூடாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. மனுத் தாக்கலுக்கு முதல் நாள் இதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இப்போதே பணிநிறைவுச் சான்றுகளைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சுயேச்சையாக நிற்பதானால் பத்து முன்மொழிவோர் வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். அந்தப் பத்துப் பேரும் இராதாபுரம் தொகுதியின் வாக்காளர்களாகவே இருக்க வேண்டும். நாங்குநேரித் தொகுதிக்குள் வாக்கு வைத்திருக்கும் மைத்துனர் அன்பினால் கையெழுத்திட்டு, அதனாலேயே மனு தள்ளுபடியாகும் வாய்ப்பு உண்டு. வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000 ரூபாய். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைப் பெறாவிட்டால் அது திரும்பாது. 26ஆம் எண் படிவத்தில் சொத்து, கடன், நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழியாகத் தர வேண்டும். சாலை மறியலுக்காகப் போடப்பட்டு எல்லாரும் மறந்துவிட்ட வழக்கையும் சேர்த்துத்தான்.

தோற்றால் பதவிக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் காலை அவர் அலுவலகத்தில் வந்து உட்காரலாம். வென்றால் உள்ளாட்சிப் பதவியை விட்டுவிடுவதே இங்குள்ள வழக்கம். சென்னை மேயராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் ஒரே நேரத்தில் இருந்த மு.க. ஸ்டாலின், 2002இல் கொண்டுவரப்பட்ட நகராட்சிச் சட்டத் திருத்தத்தை அடுத்து மேயர் பதவியை விட நேர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். உங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வியின் எடை எப்படியும் குறைவு. 2021 அக்டோபரில் பதவியேற்றவர்களின் காலம் 2026 அக்டோபரில் முடிந்துவிடுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற யூனியன் ஆபீஸ்காரன்

வழக்கறிஞர் கடைசியில் தொட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். தேரிக்காட்டான் தம்பி தம் ஊர் நிலைமையைப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் தனித்தன்மை புரியும். தூத்துக்குடி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றுவிட்டார்கள். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்ததாலும், வடக்கே வேறு சில மாவட்டங்களிலும் அதேபோல் பிரிவினை நடந்ததாலும், மீதமிருந்த 9 மாவட்டங்களுக்கு 2021இல்தான் தேர்தல் வந்தது. ஆகவே சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு முன்னாள் பிரசிடெண்ட் சட்டமன்றத்துக்கு நின்றால் அவர் வெறும் வேட்பாளர். திசையன்விளைப் பக்கம் நிற்பவர் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தோடு நிற்கிற வேட்பாளர்.

அந்தக் கையெழுத்தில்தான் உங்கள் ஊரின் சிக்கல் இருக்கிறது. கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவரும் முகம் கொடுத்துப் பேசாத ஊராட்சிகளை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மோட்டார் காயில் கட்டும் செலவுக்காக ஊரே வாரக்கணக்கில் குடத்தோடு அலைந்த கதைகளெல்லாம் அங்கிருந்து வருபவைதான். சாதாரண நாளிலேயே அப்படியென்றால், ஒருவர் வேட்பாளராகவும் மற்றவர் எதிர்முகாமிலும் இருக்கும் நாளில் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்க் கட்டணம், தொட்டி இயக்குபவர் சம்பளம், தூய்மைக் காவலர் சம்பளம் ஆகியவற்றுக்கு மன்றக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஒழுங்குபடுத்திவிட்டால், பிறகு யார் எந்த மேடையில் ஏறினாலும் குழாயில் தண்ணீர் வரும். கையெழுத்து முடங்கிப் போனால் வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக ஆட்சியரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள்; 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். முறையீடு தலைவரும் போடலாம், ஊர்மக்களும் போடலாம்.

தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்த பின் அன்றாடப் பணிகள் நிற்பதில்லை. குடிநீர், விளக்கு, குப்பை எல்லாம் நடக்க வேண்டியவை. களத்தில் தொடங்கிவிட்ட வேலையைத் தொடரலாம். புதிய வேலையைத் தொடங்குவதற்கும் புதிய அறிவிப்புக்கும்தான் தடை. இதைப் பிடித்துக்கொண்டு, போர்வெல் பழுதானால்கூட விதிகள் இருக்கிறதே என்று கைவிரிக்கும் ஊராட்சிகளும் உண்டு. நீங்கள் ஏமாற வேண்டாம்.

இனி அவர் செய்யக் கூடாதவை. ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து தேர்தல் வேலை பார்க்கக் கூடாது. ஊராட்சியின் வண்டியோ ஒலிபெருக்கியோ பிரசாரத்துக்குப் போகக் கூடாது. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் வருகையைப் பதிவு செய்துவிட்டு அவர்களைக் கூட்டத்துக்கு ஏற்றிச் செல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை யாராவது கைப்பேசியில் படமெடுத்தால் வேட்பாளருக்குத் தலைவலி ஒருபுறம், பணித்தளப் பொறுப்பாளராக இருக்கும் ஏழைப் பெண்ணுக்கு வேலை போவது மறுபுறம். பேருந்து நிழற்குடையிலும் தொட்டியிலும் அவருடைய பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தால் அதையும் தாள் ஒட்டி மறைக்கச் சொல்வார்கள். தம் பெயரைச் சுவரில் எழுதாத பிரசிடெண்டை நான் இன்னும் பார்க்கவில்லை என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

கிராம சபை பற்றியும் ஒரு செய்தி. இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் என்றாலும், மார்ச் 22, மே 1 ஆகிய இரண்டும் தேர்தல் காலத்துக்குள் விழுந்தால் நடக்காமல் போகலாம். ஆகவே வருகிற ஜனவரி 26 கிராம சபைதான், தேர்தலுக்கு முன் நீங்கள் அவரிடம் ஊராட்சிக் கணக்கைக் கேட்கக் கிடைக்கும் உறுதியான வாய்ப்பு. அதைப் பிரசார மேடையாக்க அவரையும் விடாதீர்கள், அவரைத் தாக்கும் மேடையாக்க எதிர்த்தரப்பையும் விடாதீர்கள்.

பதில்: வள்ளியூர் பூத் ஏஜெண்ட்

சட்டமும் அலுவலக நடைமுறையும் சரி. வாக்குக் கணக்கைப் பற்றி யாராவது சொல்ல வேண்டுமல்லவா?

உங்கள் தலைவர் 2021இல் வென்ற தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் பூட்டு சாவியோ ஆட்டோவோ ஏதோ ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். எல்லாரும் ஆளைப் பார்த்துத்தான் முத்திரை குத்தினார்கள். அந்தத் தேர்தலில் தலைவர் பதவிக்கு வைப்புத்தொகை 600 ரூபாய், செலவு வரம்பு 34,000 ரூபாய். சட்டமன்றத்துக்கு அந்த வரம்பு 40 இலட்சம் ரூபாய். அவருடைய ஊராட்சி வாக்காளர்கள் அத்தனை பேரும் ஒருவர் விடாமல் அவருக்கே போட்டாலும், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட தொகுதியில் அது ஒரு மூலை. ஏறத்தாழ முந்நூறு வாக்குச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் காலை ஐந்தரை மணிக்கு மாதிரி வாக்குப்பதிவுக்கு வந்து, மாலை இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும் வரை அசையாமல் உட்கார ஓர் ஆள் வேண்டும். வள்ளியூரிலும் பணகுடியிலும் வடக்கன்குளத்திலும் கூடங்குளத்திலும் கடற்கரை ஊர்களிலும் அவருக்கு அப்படி ஆள் இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. இதை அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பெயர்ப் பட்டியலை எடுத்துக் காட்டினால் அவர் விளையாட்டுக்கு நிற்கவில்லை என்று பொருள்.

சுயேச்சை என்றால் இன்னொரு கஷ்டம். மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் சின்னம் ஒதுக்குவார்கள். அந்த நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் 14 நாள்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைக்கும். அதற்குள் ஊருக்கே அறிமுகமில்லாத ஒரு பொருளைச் சின்னமாக்கி, கண்பார்வை மங்கிய பாட்டிக்கும் அது எந்த வரிசையில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

சுயேச்சையாக வென்றவர்களே இல்லையா என்றால், நம் இராதாபுரமே அதற்குச் சான்று. மு. அப்பாவு 2001இல் இங்கே சுயேச்சையாக நின்று வென்றார். ஆனால் அவர் அதற்கு முன் 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் இதே தொகுதியில் வென்று ஐந்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். ஊர் ஊராக அவரைத் தெரிந்திருந்தது. அதை மறந்துவிட்டு அந்த வெற்றியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்களை நம்ப வேண்டாம். பக்கத்து ஆலங்குளத்தில் 2021இல் பெரிய கட்சிகள் எதையும் சாராத ஒரு வேட்பாளர் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை வாங்கினார். அவர் வெல்லவில்லை. ஆனால் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே 4 ஆயிரம் வாக்குகள்கூட வேறுபாடு இல்லாத அந்தத் தேர்தலின் முடிவை அந்த வாக்குகள் எப்படித் திருப்பின என்பதைப் பற்றி டீக்கடைகளில் இன்னும் பேசுகிறார்கள்.

உங்கள் தலைவர் இரண்டாயிரம் வாக்கு மட்டுமே பிரிப்பார் என்று வைத்துக்கொண்டாலும் அலட்சியப்படுத்த முடியாது. 2016இல் இராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது 49 வாக்கு வேறுபாட்டில். தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட தபால் வாக்குகள் செல்லுமா செல்லாதா என்று வழக்காகி, 2019இல் உயர் நீதிமன்றம் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டு, அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்து, அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்து போனது. தென்காசியில் 2021இல் வேறுபாடு 370. இந்த வட்டாரத்தில் பெரிய கட்சிக்காரர்கள் ஒரு ஊராட்சித் தலைவரின் வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு மேல் வந்து, மனுவைத் திரும்பப் பெறச் சொல்லிக் கெஞ்சுவது இதனால்தான். அப்போது அவர் என்ன செய்வார் என்பதையும் ஊர் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பதில்: களக்காட்டுக் கவுன்சிலர்

இரவு பத்து மணிக்குக் கட்சிக்காரர்கள் தேடி வரும் வீடு எல்லாத் தலைவர்களுக்கும் வாய்த்துவிடுவதில்லை, அண்ணாச்சி.

நான் ஒன்றியக் கவுன்சிலராக இருக்கிறேன். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; பட்டியல் சாதியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் எங்களில் பலர் மன்றத்துக்குள் வந்தோம், கோப்புகளைப் படிக்கக் கற்றோம். ஆனால் திருநெல்வேலி மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றுகூடத் தனித்தொகுதி இல்லை. தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் என்று இரண்டு இருக்கின்றன. பொதுத் தொகுதியில் பட்டியல் சாதியினர் ஒருவருக்கோ, அரசியல் குடும்பத்தில் பிறக்காத ஒரு பெண்ணுக்கோ இடம் கொடுக்க எந்தப் பெரிய கட்சிக்கும் எளிதில் மனம் வருவதில்லை. எங்கள் நெல்லை மேயராக 2011 முதல் இருந்த விஜிலா சத்தியானந்த் 2014இல் மாநிலங்களவைக்குச் சென்றார். உள்ளாட்சியிலிருந்து மேலே போன பெண் என்று சொல்ல என் நினைவுக்கு உடனே வரும் பெயர் அதுதான், அதுவும் மக்கள் நேரடியாக வாக்களிக்கும் தேர்தல் வழியாக அன்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுழற்சி முறையில் ஊராட்சியின் ஒதுக்கீடு மாறும்போது, இப்போதைய தலைவரால் அடுத்த முறை அதே பதவிக்கு நிற்க முடியாமல் போகலாம். பலர் திடீரென்று சட்டமன்ற ஆசை கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் தவறில்லை, ஆனால் தேரிக்காட்டான் அவர்கள் தம் தலைவரிடம், அக்டோபரில் இதே ஊராட்சி உங்களுக்குத் திறந்திருந்தாலும் சட்டமன்றத்துக்குத்தான் நிற்பீர்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

தேரிக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. முதல் மூன்று ஐயங்களும் தீர்ந்தன. துணைத் தலைவர் விஷயத்தில் யூனியன் ஆபீஸ் ஐயா சொன்னபடி முன்கூட்டியே தீர்மானம் போடச் சொல்லியிருக்கிறேன். நல்ல தலைவர் நல்ல உறுப்பினராவாரா என்ற கேள்விக்கு மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அவர் போட்ட சாலையும் சரிசெய்த தொட்டியும் அதற்குச் சான்றாகுமா, ஆகாதா?

பதில்: ஓய்வுபெற்ற யூனியன் ஆபீஸ்காரன்

முழுச் சான்றாகாது, தம்பி. தொட்டியைச் சரிசெய்தது நிருவாகத் திறமை. வந்த நிதியை ஒழுங்காகச் செலவழித்திருக்கிறார். அந்த நிதியிலும் பெரும்பகுதி எதற்குச் செலவாக வேண்டும் என்று மேலேயே முடிவாகிவிடும். 15ஆவது நிதிக் குழு மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டி வைத்திருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினரின் கையில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. அதை வைத்து நிழற்குடையும் வகுப்பறையும் கட்டிப் பெயர் எழுதிவிட்டுப் போகிறவர் பெரிய பிரசிடெண்டாகவே ஐந்து ஆண்டையும் கழித்துவிடலாம். அதற்காக ஒருவரைச் சென்னைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணியின் உபரி வெள்ளத்தைக் கன்னடியன் கால்வாய் வழியாகக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் திருப்பி, எம்.எல். தேரி வரை கொண்டுவரும் திட்டத்துக்கு 2009இல் வேலை தொடங்கியது. நிலமெடுப்பிலும் நிதி ஒதுக்கீட்டிலும் இழுபட்டு எத்தனை ஆண்டுகள் கிடந்தது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் தலைவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் ஊராட்சித் தீர்மானத்தால் அந்தக் கால்வாயில் ஒரு மண்வெட்டி மண்ணைக்கூட அகற்றியிருக்க முடியாது. அது சட்டமன்றத்தில் நீர்வளத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து நின்று, எந்தக் கிளைக் கால்வாயில் எந்தக் குளம் விடுபட்டிருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய வேலை. குளங்களின் பெயர்கள் அவருக்குத் தெரியும் என்பதுதான் மற்ற வேட்பாளர்களைவிட அவருக்கு இருக்கும் மேன்மை. அதை அவர் பயன்படுத்துவாரா என்று பாருங்கள்.

ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவையும் அவர் அறிந்திருப்பார். வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த தலைவரை ஆட்சியர் நீக்குவதற்கு வழி செய்யும் பிரிவு அது. கல்குவாரிக்கு அனுமதி கொடுப்பதில் ஊராட்சியின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் இராதாபுரம் வட்டாரத்தில் பதவியில் இருந்தவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு என்று 29 பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நம் மாநிலத்தில் அவற்றில் முழு அதிகாரத்தோடு ஊராட்சியின் கைக்கு வந்தவை சொற்பம். இந்தச் சட்டத்தை மாற்றும் அதிகாரம் அவர் போக விரும்பும் அவைக்குத்தான் இருக்கிறது. தலைவராக இருந்து இத்தனை நாள் முட்டி மோதிய சுவர்களில் எதை முதலில் இடிப்பீர்கள் என்று கேளுங்கள். அப்படி ஒன்று உடனே நினைவுக்கு வந்து, பிரிவு எண்ணோடு சொன்னால், அவர் கட்சி சார்பில் நின்றாலும் சுயேச்சையாக நின்றாலும் நான் அவரை மதிப்பேன். சாலை போட்டுத் தருவேன் என்று தொடங்கினால் ஊராட்சியிலேயே இருக்கச் சொல்லுங்கள். அங்கே அவர் நன்றாகத்தான் செய்கிறார்.

பதில்: பாளையங்கோட்டை வழக்கறிஞர்

மேலே சொன்னவற்றோடு தணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராம சபையில் வாசிக்கும் வரவுசெலவு வேறு, தணிக்கையாளர் எழுப்பிய தடைகள், அதாவது ஆட்சேபங்கள், வேறு. அந்தத் தடைகளையும் அவற்றுக்குத் தலைவர் கொடுத்த விளக்கங்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறலாம். ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்புங்கள்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஜனவரி 26க்குள் கையில் வேண்டுமானால் விண்ணப்பத்தை இந்த வாரமே பதிவுத் தபாலில் சேர்த்துவிடுவது நல்லது. எதிர்த்தரப்பினரும் அதையே கேட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால், உங்கள் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அனுப்பினாலும் குற்றமில்லை.